முந்துவதா, விட்டுப் பிடிப்பதா, குறுக்கே புகுவதா?

மாவட்டச் சிலம்பப் போட்டி நெருங்கிவிட்டால் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எந்தப் பயிற்சித் திடலுக்குப் போனாலும் ஒரே வாக்குவாதம்தான். "மொத அடி நம்ம அடியா இருக்கணும்" என்பார் ஒரு மாஸ்டர். "வரட்டும் விடு, வந்தா வாங்கிட்டுப் போவான்" என்பார் பக்கத்துத் தோட்டத்து மாஸ்டர். இருவரிடமும் கோப்பை வாங்கிய பிள்ளைகள் உண்டு, இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆனால் வாரத்தில் இரண்டு மாலை மட்டும் பயிற்சிக்கு வரும் பிள்ளைக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்க நேரம் கிடையாது. ஏதாவது ஒன்றை அடித்தளமாக வைத்துத்தான் ஆக வேண்டும். எதை வைப்பது?

அலங்காரச் சிலம்பத்தை இங்கே விட்டுவிடுகிறேன். கம்புக்குக் கம்பு எதிரெதிரே நின்று, தொட்டுப் புள்ளி எடுக்கும் போட்டியைப் பற்றியே பேசுகிறேன்.

வழிகள் மூன்று. எதிராளி அசைவதற்குள் நாமே போய் அடிப்பது ஒன்று. அவன் அடியை வரவிட்டு, அது தவறிய நொடியில் நம் அடியை வைப்பது இன்னொன்று, அதாவது விட்டுப் பிடிப்பது. அவன் அடி கிளம்பி வந்துகொண்டிருக்கும்போதே குறுக்கே புகுந்து அவனுக்கு முன் தொட்டுவிடுவது மூன்றாவது. கராத்தே, ஜப்பானிய மூங்கில்வாள் சண்டையான கெண்டோ, குத்துச்சண்டை, மேல்நாட்டு வாள்வீச்சு என்று எதை எடுத்தாலும் இந்த மூன்றையும் ஏதோ ஒரு பெயரில் சொல்லிக்கொடுக்கிறார்கள். மனிதனுக்கு இரண்டு கை இரண்டு கால் என்று இருக்கும்வரை நான்காவது வழி வரப்போவதில்லை.

மூன்றில் எதை எடுத்தாலும் தூரம் கைக்கு வந்திருக்க வேண்டும். கெண்டோ விளையாடுபவர்கள் ஒரு தூரத்தைத் தனியாகக் குறித்து வைத்துப் பயிற்சி செய்வார்கள். அங்கே நின்று ஒரே ஓர் அடி முன்வைத்தால் வெட்டலாம், ஒரே ஓர் அடி பின்வைத்தால் தப்பலாம். கம்புக்கும் அதேதான். அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கும்வரை எதிராளி எவ்வளவு சுழற்றினாலும் நமக்கு ஒன்றும் ஆகாது. உள்ளே வந்துவிட்டால் யோசிக்க நேரம் கிடையாது. கண்ணால் பார்த்து உடம்பு அசையவே ஏறக்குறைய 0.2 வினாடி ஆகும். வேகமாக வீசிய கம்பின் நுனி ஒரு கெஜம் தாண்ட அவ்வளவு நேரம்கூட எடுக்காது. ஆகவே தொடு தூரத்துக்குள் நின்றுகொண்டு "பார்த்துத் தடுத்துக்கொள்வேன்" என்பது நடக்காத காரியம். தோற்றுவிட்டு வரும் பிள்ளைகளிடம் என்ன ஆச்சு என்று கேட்டால், "தெரியல மாஸ்டர், எப்படி வந்துச்சுன்னே தெரியல" என்பார்கள். அவர்களுக்குக் கண்ணிலும் கையிலும் குறை இல்லை. ஓர் அடி அதிகமாக உள்ளே நின்றிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, முதலில் முந்துவதைப் பார்ப்போம்.

முந்துபவனுக்கு இருக்கும் பெரிய பலம், என்ன நடக்கப்போகிறது என்பது அவனுக்கு மட்டும் தெரியும் என்பது. எதிராளி பார்க்க வேண்டும், புரிந்துகொள்ள வேண்டும், எதைச் செய்வது என்று தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகுதான் அசைய வேண்டும். 1952-ல் ஹிக் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் விளக்குகளையும் விசைகளையும் வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார். எந்த விளக்கு எரிகிறதோ அதற்குரிய விசையை அழுத்த வேண்டும். விளக்குகள் கூடக் கூட விரல் அசையத் தாமதமானது. தலைக்கு வருமா, தோளுக்கா, விலாவுக்கா, தொடைக்கா என்று நாலு பக்கமும் யோசித்துக்கொண்டு நிற்கும் பிள்ளையின் நிலைமையும் இதுதான். முந்துகிறவன் இந்தத் தாமதத்தைத் தின்று வாழ்கிறான்.

இன்னொரு லாபமும் உண்டு. சில விளையாட்டுகளில் விதியே முந்துகிறவன் பக்கம் சாய்கிறது. உலகக் கராத்தே கூட்டமைப்பின் குமித்தேயில், அதாவது நேருக்கு நேர் மோதும் போட்டியில், எதிராளி புள்ளி எடுக்காத நிலையில் முதல் புள்ளியைத் தனியாக எடுத்தவருக்குச் 'சென்ஷு' என்ற சாதகம் கிடைக்கும். கடைசியில் புள்ளி சமமானால் அவருக்கே வெற்றி. தங்கையைக் கராத்தேக்கும் அண்ணனைச் சிலம்பத்துக்கும் அனுப்பும் வீடுகள் இங்கே நிறைய. இருவருக்கும் ஒரே அறிவுரை சொல்லாதீர்கள்.

முந்துவதற்குக் கொடுக்கும் விலை என்ன? வீசின கம்பு தவறினால் விலா திறந்துவிடும். எடை முன்காலுக்குப் போய்விட்டதால் சட்டென்று பின்வாங்க முடியாது. ஒரே மாதிரி இரண்டு தடவை முந்தினால் மூன்றாவது தடவை எதிராளி காத்திருப்பான். அதனால் முந்துவது என்றால் ஓடிப்போய் அடிப்பது என்று நினைத்துவிடக் கூடாது. முந்துவதற்கு ஒரு நேரம் வேண்டும். எதிராளி வீசி முடித்துக் கம்பை இழுத்துக்கொள்ளும் நேரம், ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றும் நேரம், வட்டக்கோடு எங்கே இருக்கிறது என்று காலடியைக் குனிந்து பார்க்கும் நேரம், தொடுதூரத்துக்குள் யோசிக்காமல் காலை வைக்கும் நேரம். இப்படி ஒரு வாய்ப்பு இல்லாமல் முந்தினால் அது முந்தல் இல்லை, பதற்றம். பதறிய காரியம் சிதறும் என்பது கம்பு பிடிப்பவனுக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரிய வேண்டும்.

பாவ்லா காட்டுவதும் இதற்குள்தான் வரும். தலைக்கு ஓங்குவது போல் காட்டிவிட்டுத் தொடைக்கு இறக்குவது எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடிக்கும். ஆனால் அந்த ஓங்கல் எதிராளியை நம்பவைக்க வேண்டும். அதற்கு முன்பே உண்மையாகத் தலைக்கு ஓர் அடி போயிருக்க வேண்டும், அது அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். முதல் அடியே பாவ்லாவாக இருந்தால் அவன் ஏன் கையைத் தூக்கப் போகிறான்? நம்பாத எதிராளி நேராகவே அடித்துவிடுவான்.

அடுத்தது, விட்டுப் பிடிப்பது. இதைத்தான் இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நம் திடல்களில் அதிகமாகத் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். சுற்றி நிற்கும் கூட்டம் "போடு, போடு" என்று கத்தும்போது பின்வாங்குகிற பிள்ளை பயந்தாங்கொள்ளியாகத் தெரிகிறது. சில அப்பாக்கள் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே போவதையும் பார்த்திருக்கிறேன். சண்டைக்கிடா பின்னால் நகர்வது ஓடிப்போவதற்கா?

விட்டுப் பிடிப்பதில் மூன்று வகை இருக்கிறது. மூன்றும் ஒரே தரம் இல்லை.

தடுத்துவிட்டு அடிப்பது முதல் வகை. பார்க்க அழகாக இருக்கும், கம்போடு கம்பு மோதும் சத்தம் கேட்கும். தொடக்கக்காரர்களுக்கு இதுதான் முதலில் வரும், ஆனால் இதுதான் மூன்றிலும் பலவீனமானது. தடுப்பது ஒன்று, அடிப்பது ஒன்று என்று இரண்டு வேலை. நடுவில் இடைவெளி விழுந்துவிடுகிறது. கம்பு ரோத்தானாக, அதாவது பிரம்பாக, இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. ரோத்தான் வளையும். நம் கம்பின் நுனிப் பக்கத்தால் தடுத்தால், எதிராளியின் கம்பு பட்ட இடத்தில் நின்றுவிடாது. அதன் நுனி நம் கம்பைத் தாண்டி வளைந்து வந்து தோளைத் தொட்டுவிட்டுப் போகும். பிள்ளை "நான் தடுத்தேன் மாஸ்டர்!" என்று சாதிக்கும், நடுவர் புள்ளி கொடுத்துவிட்டிருப்பார். கைப்பிடிக்குப் பக்கத்தில், கம்பின் கெட்டியான பாகத்தால் வாங்க வேண்டும். வாங்கிய கையோடு, எதிராளி தன் கம்பை இழுத்துக்கொள்வதற்குள் நம் அடி கிளம்பியிருக்க வேண்டும். தடுத்துவிட்டு ஒரு மூச்சு விட்டால் போச்சு. மலாய்த் தற்காப்புக் கலையான சிலாட்டின் போட்டியில் தட்டிவிட்டு உடனே அடித்தால் கூடுதலாக ஒரு புள்ளி தரும் விதி நீண்ட காலம் இருந்தது. குத்து ஒரு புள்ளி என்றால் தட்டிவிட்டுக் குத்தினால் இரண்டு. நம் போட்டியில் அப்படி ஏதும் கிடைக்காது என்றால் தடுப்பைப் பெரிதாகக் கொண்டாட வேண்டியதில்லை.

தவறவிட்டு அடிப்பது இரண்டாவது. எதிராளியின் கம்பு வரும்போது ஓர் அடி விலகி, அது காற்றை வெட்டிக்கொண்டு போனதும் உள்ளே போய்த் தொடுவது. கம்போடு கம்பு படவே இல்லை. முழு வீச்சாக வீசியவனுக்குக் கம்பை நிறுத்தித் திருப்ப நேரம் பிடிக்கும், அந்த நேரம் முழுவதும் நமக்கு. இதற்குக் கண் எங்கே இருக்க வேண்டும் என்பது முக்கியம். கம்பின் நுனியைப் பார்த்தால் ஏமாந்துபோவோம், அது கண்ணைவிட வேகமாகப் போகும். எதிராளியின் தோளையும் முன்காலையும் ஒருசேரப் பார்க்கிற மாதிரி நெஞ்சுப் பக்கம் பார்வையை வைக்க வேண்டும். தோள் திரும்பாமல் பெரிய வீச்சு வராது, முன்கால் நகராமல் எட்டாது. அந்த இரண்டும் நுனிக்கு முன்பே சொல்லிவிடும். விலகுவதிலும் ஒரு கணக்கு உண்டு. நேராகப் பின்னால் ஓர் அடி சரி. இரண்டாவது அடியும் நேராகப் போனால் வட்டக்கோடு முதுகுக்கு வந்துவிடும். முதல் அடி பின்னால், அடுத்தது பக்கவாட்டில்.

மூன்றாவது, அழைத்து அடிப்பது. என் கணக்கில் மற்ற இரண்டையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது. ஹிக்கின் விளக்குகளை நினைத்துப் பாருங்கள். காத்திருப்பவனின் துன்பம், எங்கிருந்து வரும் என்று தெரியாததுதான். அப்படியானால் எங்கிருந்து வர வேண்டும் என்பதை நாமே முடிவு செய்துவிட்டால்? கம்பைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்து, இடது தோளைத் திறந்து காட்டி நில்லுங்கள். ரொம்பத் திறந்தால் சந்தேகப்படுவான், கொஞ்சம் போதும். பத்துக்கு ஏழு எட்டுப் பேர் அந்தத் தோளுக்குத்தான் வருவார்கள். அது வரும் என்று நமக்கு முன்கூட்டியே தெரியும். நாலு விளக்கு ஒரு விளக்காகிவிட்டது. முந்துகிறவனிடம் இருந்த அந்தப் பெரிய பலம், என்ன நடக்கப்போகிறது என்று தனக்கு மட்டும் தெரியும் என்ற பலம், இப்போது காத்திருப்பவன் கைக்கு வந்துவிட்டது.

விட்டுப் பிடிப்பதைப் பற்றிப் பேசினால் உடனே முகமது அலியின் பெயர் வந்துவிடும். 1974 அக்டோபர் 30, கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மன். அலிக்கு 32 வயது, ஃபோர்மனுக்கு 25. ஜோ ஃபிரேசியரையும் கென் நோர்ட்டனையும் இரண்டிரண்டு சுற்றுக்குள் சாய்த்துவிட்டு வந்தவர் ஃபோர்மன். அலி கயிற்றில் சாய்ந்துகொண்டு அடியை வாங்கி வாங்கி அவரைக் களைக்கவைத்து, எட்டாவது சுற்றில் வீழ்த்தினார். இதைச் சொல்லிப் பிள்ளைகளைக் காத்திருக்கப் பழக்கும் மாஸ்டர்கள் இரண்டு விஷயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதல் சுற்றில் அலி காத்திருக்கவே இல்லை, நேராக வலது கையால் முந்தி முந்தி அடித்தார். கயிற்றுக்குப் போனது அதற்கப்புறம்தான். இன்னொன்று, குத்துச்சண்டையில் கையிலும் தோளிலும் விழும் குத்துகளை வாங்கிக்கொண்டு நிற்கலாம். தொட்டாலே புள்ளி என்ற விளையாட்டில் அப்படி நிற்க முடியாது. அலியிடமிருந்து பொறுமையை எடுத்துக்கொள்ளலாம், கயிற்றை எடுத்துக்கொள்ள முடியாது.

குறுக்கே புகுவதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். மூன்றிலும் உயர்ந்த வித்தை இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. புரூஸ் லீ தன் முறையின் நடுவில் வைத்தது இதைத்தான். மேல்நாட்டு வாள்வீச்சு அடவுகளிலிருந்து அவர் இதற்கு நிறைய எடுத்துக்கொண்டார். வளைந்து வரும் வீச்சைவிட நேராகப் போகும் குத்துக்குப் பாதை குறைவு என்பதால், எதிராளி பெரிதாக ஓங்கும்போது நேர்குத்து முந்திவிடும். ஆனால் அவன் கிளம்புவதைக் கிளம்பும் நொடியிலேயே படிக்கத் தெரிய வேண்டும். அரை நொடி தப்பினால் இருவருக்கும் அடி விழும். அப்போது நடுவர் என்ன செய்வார் என்பது விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். வாள்வீச்சின் 'எப்பே' பிரிவில் இருவரும் ஏறக்குறைய 0.04 வினாடி இடைவெளிக்குள் தொட்டால் இருவருக்கும் புள்ளி. ஆனால் 'ஃபாயில்' பிரிவில் தாக்குதலை முதலில் தொடங்கியவருக்கே முன்னுரிமை, குறுக்கே குத்தியவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. ஆகவே உங்கள் போட்டியில் இருவரும் ஒன்றாகத் தொட்டால் எப்படிக் கணக்கு, குத்துக்கு அனுமதி உண்டா, இந்த இரண்டையும் பதிவு செய்யும் நாளிலேயே ஏற்பாட்டாளரிடம் கேட்டுவிடுங்கள். பதில் எதுவானாலும், கம்பு பிடித்து இரண்டு வருஷம் ஆகாத பிள்ளைக்கு இதை நான் கொடுக்க மாட்டேன். சரியாக வராதபோது நேராகக் கம்பின் மேல் போய் விழுகிற வழி இது. இரண்டு தடவை முகக்கவசத்தில் பலமாக வாங்கிய பிள்ளை மூன்றாவது வாரம் பயிற்சிக்கு வராது. அந்த இழப்பு கோப்பையைவிடப் பெரியது.

அப்படியானால் முந்துவதும் விட்டுப் பிடிப்பதும்தான் மீதி. இதில் தேர்வு பிள்ளையின் உடம்பைப் பார்த்துத்தான்.

குள்ளமான பிள்ளையை விட்டுப் பிடிக்கச் சொன்னால் அது தண்டனை. எதிராளி கை நீளமானவர் என்றால் அவர் எட்டும் தூரத்தில் இவளுக்கு எட்டாது. அவர் அடித்துவிட்டுப் போனபின் உள்ளே போய்த் தொட இவள் இரண்டு அடி வைக்க வேண்டும், அதற்குள் கம்பு திரும்பிவிடும். இடைநிலைப் பள்ளியில் படிவம் இரண்டு படிக்கும் ஒரு பெண் பிள்ளை, தன்னைவிட ஒரு தலை உயரமானவளிடம் இப்படித்தான் நின்று புள்ளி கொடுத்துக்கொண்டிருந்தாள். இடைவேளையில் அவளிடம் மாஸ்டர் சொன்னது ஒரே வாக்கியம்: "அவ கை மாத்துறா பாரு, அப்போ உள்ள போ." உயரமானவள் ஒவ்வொரு சுழற்சிக்கும் இடக்கைக்கு மாற்றும் பழக்கம் உள்ளவள். மாற்றும் அந்த நொடியில் கம்பு இரண்டு கைக்கும் நடுவில், உடம்போடு ஒட்டி, யாரையும் அடிக்க முடியாத நிலையில் இருக்கும். இவள் உள்ளே போனாள். உள்ளே போய்விட்டால் நீளக் கை இடைஞ்சல்தான், ஒட்டி நிற்பவளை அடிக்கக் கம்பை எங்கே ஓங்குவது? தொட்டுவிட்டு, பக்கவாட்டில் வெளியே வந்துவிட்டாள். பின்னால் நேராக வந்திருந்தால் திரும்பவும் அந்த நீளக் கம்பின் தூரத்துக்கே போயிருப்பாள்.

உயரமான, பொறுமையான பிள்ளைக்கு விட்டுப் பிடிப்பது தானாக வரும். நடுத்தரமான பிள்ளைகள்தான் எப்போதும் அதிகம். அவர்களுக்கு அழைத்து அடிப்பதையே அடித்தளமாக வைக்கச் சொல்வேன். முந்துவதற்குக் கால் வேகம் வேண்டும், அது பிறவியிலும் வருவது. தூரம் தெரிவதும் ஒரே ஓர் அழைப்பைத் திரும்பத் திரும்பப் பழகுவதும் யாருக்கும் வரும். துணைக்கு ஒருவன் இருந்தால் போதும்.

தரையையும் பார்க்க வேண்டும். பேராக்கில் மாலை மழை எந்த நேரமும் வரும். திடல் புல் நனைந்திருந்தால் முன்பாய்ந்து முந்துகிறவன் கால் வழுக்கும், அந்த நாளில் விட்டுப் பிடிப்பவனுக்கே சாதகம். மழைக்கு ஒதுங்கிப் பூப்பந்துத் திடல் மாதிரி சிமெண்டுத் தரைக்குப் போட்டியை மாற்றினால் நிலைமை அப்படியே தலைகீழ். கால் பிடிக்கும், முந்துகிறவன் பறப்பான்.

அப்புறம் கடிகாரம். இரண்டு புள்ளி முன்னால், கொஞ்ச நேரம்தான் பாக்கி என்றால் எதிராளி வந்தே ஆக வேண்டும். வந்தே ஆக வேண்டியவனுக்காகக் காத்திருப்பதைவிடச் சுலபமான வேலை இல்லை. அந்த நேரத்தில் முந்திப் புள்ளியைத் தாரைவார்த்த பிள்ளைகளை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறோம், கூட்டத்தின் சத்தத்துக்கு ஆடிவிடுகிறார்கள். அதேபோல் பின்தங்கியிருக்கும்போது காத்திருப்பது தோல்வியை ஒப்புக்கொள்வது. ஆகவே அடித்தளம் ஒன்று இருந்தாலும், மற்றதிலும் ஒரே ஓர் அடியாவது நம்பிக்கையோடு அடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். விட்டுப் பிடிக்கும் பிள்ளைக்கு முந்துவதற்கு ஓர் அடி, முந்தும் பிள்ளைக்கு அழைப்பதற்கு ஒரு நிலை. ஒன்றே ஒன்று போதும், ஆனால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும்.

போட்டிக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது என்றால் நான் இப்படிப் பிரிப்பேன். முதல் இரண்டு வாரம் அடியே இல்லை. இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே கம்பை நீட்டிக்கொண்டு, ஒருவர் முன்னே வந்தால் மற்றவர் பின்னே, ஒருவர் பின்னே போனால் மற்றவர் முன்னே, நடுவில் அந்த ஓர் அடித் தூரம் கூடாமல் குறையாமல் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். சலிப்பாக இருக்கும், பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். பரவாயில்லை. அடுத்த மூன்று வாரம் இடது தோளைத் திறந்து அழைப்பது, விலகுவது, தொடுவது. முதலில் எங்கே அடி வரும் என்று சொல்லிவிட்டு, பிறகு சொல்லாமல். குள்ளமான பிள்ளைகளுக்கு மட்டும் இதற்குப் பதிலாகக் கை மாற்றும் நேரத்தில் புகுந்து பக்கவாட்டில் வெளியேறுவது. கடைசி வாரம் புள்ளிக் கணக்கை வைத்துப் பயிற்சி: "நீ ஒரு புள்ளி பின்னால, இருபது வினாடி இருக்கு, ஆரம்பி" என்று தொடங்கி வைப்பது. அந்த வாரத்தில் அப்பா அம்மாக்களையும் திடலுக்கு வரச்சொல்லி, தங்கள் பிள்ளை எந்த வழியில் போகிறது என்பதைக் காட்டிவிட வேண்டும். விட்டுப் பிடிக்கப் பழகிய பிள்ளையைப் பார்த்துக் கோட்டுக்கு வெளியிலிருந்து "போடு, போடு" என்று கத்தக் கூடாது என்று அவர்களிடம் அங்கேயே சொல்லிவிடலாம்.